விலையுயர்ந்த ரைஃபிள் ஸ்கோப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுந்தூர இலக்குச் சுடும் போட்டிகளுக்காக மூவாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்க வருகிறவர்கள்கூட முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைத்தான். கேள்வி இயல்பானது, ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் பணம் தவறான இடத்துக்குப் போய்விடுகிறது. இந்த விலையில் வாங்குவது ஓர் அளவுகருவி. மேல் குமிழைத் திருப்பிய அளவுக்கு மிகச் சரியாகக் குறி நகர வேண்டும். திருப்பி வைத்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். மற்ற சிறப்புகளெல்லாம் இதற்கு அடுத்த வரிசையில் வருபவை என்பதே என் உறுதியான கருத்து.

எந்தப் போட்டிக்கு என்று முடிவு செய்யாமல் வாங்குவது முதல் தவறு. ஒலிம்பிக்கின் 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. கடலூரில் பிறந்த இந்திய வீராங்கனை இளவேனில் வாலறிவன் குறிபார்ப்பது சிறு துளை வழியாகத்தான். ஸ்கோப்பை நம்பி நடப்பவை எஃப்-கிளாஸ், பிஆர்எஸ் (Precision Rifle Series) போன்ற போட்டிகள். கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கர்சன் தொடங்கிவைத்த எஃப்-கிளாஸில், படுத்த நிலையில், தெரிந்த தூரத்தில், ஒரே இலக்கைத் திரும்பத் திரும்பச் சுடுவார்கள். அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய பிஆர்எஸ் தொடரிலோ தடுப்பு மேலும் ஏணி மேலும் துப்பாக்கியைச் சாய்த்து, வெவ்வேறு தூரங்களில் தொங்கும் எஃகுத் தகடுகளை நேரக் கணக்கில் சுட வேண்டும். ஒன்றுக்கு உகந்த ஸ்கோப் மற்றதற்கு இடைஞ்சல்.

இந்த வேறுபாடு குவியத்தளத் தேர்வில்தான், அதாவது ஸ்கோப்புக்குள் பிம்பம் குவியும் இரண்டு தளங்களில் குறிபார்க்கும் குறுக்குக்கோட்டை எதில் வைப்பது என்பதில்தான், பெரிதாக வெளிப்படும். குறுக்குக்கோடு முதல் குவியத்தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது இலக்குடன் சேர்ந்து கோடும் பெரிதாகும்; அதிலுள்ள அளவுக் குறிகள் எந்த உருப்பெருக்கத்திலும் உண்மையே பேசும். இரண்டாம் குவியத்தளத்தில் கோடு மாறாது. ஆகவே குறிகளின் அளவு ஒரே ஓர் உருப்பெருக்கத்தில் மட்டும் சரியாக இருக்கும். 25 மடங்குக்கு அளவிட்ட கோட்டை 12.5 மடங்கில் வைத்துப் பார்த்தால், ஒரு மில் (தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் கோண அளவு) என்று எழுதியிருப்பது இரண்டு மில்லை மூடி நிற்கும். ஆயிரம் கெஜத்தில் ஒரு மில் என்பது 36 அங்குலம். அவசரத்தில் உருப்பெருக்க வளையத்தைக் கவனிக்காதவரின் குண்டு ஒரு கெஜம் தள்ளிப் போய்விடும். பிஆர்எஸ் வீரர்கள் முதல் குவியத்தளத்தை விடாப்பிடியாகக் கேட்பது இதனால்தான். எஃப்-கிளாஸில் இதற்கு நேர்மாறு: அங்கே முழு உருப்பெருக்கத்திலும் தடிக்காத மெல்லிய கோடு வேண்டும். நைட்ஃபோர்ஸ் நிறுவனத்தின் 15-55x52 (15 முதல் 55 மடங்கு, 52 மி.மீ. லென்ஸ்) போட்டி ஸ்கோப் இரண்டாம் குவியத்தளத்தில் அமைந்திருப்பது தற்செயலன்று.

கிளிக் அளவையும், அதாவது குமிழை ஒரு படி திருப்பினால் குறி எவ்வளவு நகரும் என்பதையும், இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எம்ஓஏ என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. நூறு கெஜத்தில் 1.047 அங்குலம். கால் எம்ஓஏ கிளிக் ஆயிரம் கெஜத்தில் சுமார் 2.6 அங்குலம் நகர்த்தும், 0.1 மில் கிளிக் 3.6 அங்குலம். அமெரிக்க எஃப்-கிளாஸ் இலக்கின் நட்டநடுவிலுள்ள எக்ஸ் வட்டம் ஆயிரம் கெஜத்தில் 5 அங்குலம்தான். ஆகவே எஃப்-கிளாஸ் வீரர்கள் எட்டில் ஒரு பங்கு எம்ஓஏ கிளிக்கைத் தேடுகிறார்கள். தகடு சுடுபவருக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. பேசுவதற்கும் கணக்கிடுவதற்கும் மில் எளிது. எதைத் தேர்ந்தாலும் குமிழும் குறுக்குக்கோடும் ஒரே அளவுமுறையில் இருக்கட்டும்.

அதிக உருப்பெருக்கம் இலவசமாக வருவதில்லை. 56 மி.மீ. பொருளருகு (முன்பக்க) லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: 25 மடங்கில் 2.24 மி.மீ., 8 மடங்கில் 7 மி.மீ. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரிந்திருக்கும்போது 25 மடங்குக் காட்சி இருண்டு தெரிவது இதனால்தான்; எந்த நிறுவனத்தின் கண்ணாடியும் இந்த வகுத்தலை மாற்றாது. நண்பகல் வெயிலில் தரையிலிருந்து எழும் கானலும் இலக்கோடு சேர்ந்து பெரிதாகும். 35 மடங்கு வரை போகும் ஸ்கோப் வைத்திருப்பவர்களும் 15, 18 மடங்கில் சுடுவதை வெயில் நாட்களில் பார்க்கலாம். ஸ்கோப்பின் மிகக் குறைந்த உருப்பெருக்க எண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். அகலமான காட்சிப்புலம்தான் அடுத்த தகட்டைக் கண்டுபிடித்துத் தரும்.

குழாய் பருத்திருந்தால் வெளிச்சம் கூடும் என்பது கடைகளில் இன்றும் சொல்லப்படும் பிழை. 34 மி.மீ. குழாயின் பெரும் பயன், உள்ளே குறியமைப்பு நகர இடம் தருவது. .308 அங்குல வகைக் குண்டு கீழிறங்குவதை ஈடுகட்ட, நூறு கெஜத்திலிருந்து ஆயிரம் கெஜத்துக்கு ஏறத்தாழ 40 எம்ஓஏ உயர்த்த வேண்டும். மொத்த நகர்வு 60 எம்ஓஏ உள்ள ஸ்கோப்பைத் தட்டையான தண்டவாளத்தில் (துப்பாக்கி மேல் ஸ்கோப்பைத் தாங்கும் பட்டை) பொருத்தினால், மேல்நோக்கிக் கிடைப்பது அதில் பாதி, சுமார் 30. அதாவது எட்டாது. 20 எம்ஓஏ சரிவுள்ள தண்டவாளம் போட்டால் 50 கிடைக்கும். ஸ்கோப்புக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு இதை மறந்தவர்கள் நிறைய.

இடமாறு தோற்றப்பிழையைத் திருத்தும் பக்கக் குமிழில் எழுதியுள்ள தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம். தலையை லேசாக அசைத்துப் பாருங்கள். இலக்கின் மேல் கோடு நகராத இடமே சரியான இடம்.

பெயரை நம்பிச் சோதிக்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. டேப் வைத்து அளந்த நூறு கெஜத்தில் உயரமான அட்டையை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்துக் கோடு வரையுங்கள். அடியில் சில குண்டுகளை ஒரு குழுவாகச் சுட்டுவிட்டு, 30 எம்ஓஏ உயர்த்தி, அதே அடிப்புள்ளியைக் குறிபார்த்துச் சுடுங்கள். இரண்டு குழுக்களின் நடுவுக்கும் இடையே 31.4 அங்குலம் இருக்க வேண்டும். இரண்டு சதவீதம் பிசகினால் 40 எம்ஓஏ-க்கு 0.8 எம்ஓஏ பிழை; ஆயிரம் கெஜத்தில் எட்டு அங்குலத்துக்கு மேல். 12 அங்குலத் தகட்டின் நடுவைக் குறிபார்த்தவர் தகட்டையே தவறவிடுவார். பிழை ஒரே சீராக இருந்தால் குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் கணிப்பானில் திருத்த எண் கொடுத்துச் சமாளிக்கலாம். சீரற்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேல் குழு செங்குத்துக் கோட்டைவிட்டு விலகினால், ஸ்கோப்பைக் குறைசொல்வதற்கு முன் பொருத்தியதைப் பாருங்கள். தாங்கிப் பிடிக்கும் வளையத்துக்குள் ஸ்கோப் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும், 40 எம்ஓஏ உயர்த்தும்போது ஆயிரம் கெஜத்தில் சுமார் 7 அங்குலம் பக்கவாட்டில் போகும். தூக்குக்குண்டுக் கயிற்றோடு குறுக்குக்கோட்டை ஒத்துவைத்து, குமிழிமட்டம் ஒன்றையும் மாட்டி, தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசைக்கு மட்டும் திருகுகளை இறுக்குங்கள். கையால் பிடித்தபிடியில் இறுக்கினால் குழாய் நசுங்கும். நசுங்கிய குழாய்க்குள் எந்தக் குமிழும் நேர்மையாக நகராது.