டாக்கர் கன்டெய்னரில் லாக்: எங்கே எழுதுவது, ஏன் வரவில்லை, டிஸ்க் ஏன் நிரம்புகிறது

அண்மையில் ஒரு சர்வரில் டிஸ்க் முழுக்க நிரம்பி, டேட்டாபேஸ் எழுத முடியாமல் நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால், அத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கன்டெய்னரின் லாக் ஃபைல். அதைச் சரிசெய்த கையோடு இதை எழுதுகிறேன். டாக்கர் நிறுவுவது, இமேஜ் பில்ட் செய்வதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். உதாரணங்கள் பைத்தானில். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்; டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: ஃபைலில் எழுதாதீர்கள்

கன்டெய்னருக்குள் ஒரு லாக் ஃபைலைத் திறந்து எழுதினால், கன்டெய்னரை நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். ஏன் கிராஷ் ஆனது என்ற விவரம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அதனால் ஆப் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எஸ்டிடி-அவுட் (வழக்கமான வெளியீடு), எஸ்டிடி-எர் (பிழை வெளியீடு) இரண்டிலும் எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பது. சேமிப்பது, சுழற்றுவது, அனுப்புவது எல்லாம் வெளியே இருப்பவர்களின் பாடு.

ஃபைலில்தான் எழுதுவேன் என்று அடம்பிடிக்கும் மென்பொருளா? என்ஜின்எக்ஸின் அதிகாரபூர்வ இமேஜைப் பாருங்கள். அதில் ஆக்சஸ் லாக் என்பது ஃபைலே இல்லை, /டெவ்/எஸ்டிடி-அவுட்டைக் காட்டும் ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு). உங்கள் டாக்கர்ஃபைலிலும் அதையே செய்யலாம்.

படி 2: "லாக்கே வரவில்லையே!"

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆப் ஓடுகிறது, கோரிக்கைகளுக்குப் பதிலும் தருகிறது. 'டாக்கர் லாக்ஸ் -எஃப்' அடித்தால் திரை வெறுமையாக இருக்கிறது. அதே இமேஜை '-ஐடி' (-it, அதாவது டெர்மினலோடு) போட்டு ஓட்டினால் வரி வரியாகக் கொட்டுகிறது. '-டி' (t) எழுத்தை எடுத்துவிட்டால் மறுபடி மௌனம்.

டெர்மினல் இருக்கிறது என்று தெரிந்தால் பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனே வெளியே தள்ளும். டெர்மினல் இல்லாமல் பைப் மட்டும் இருந்தால், ஓர் அளவு சேரும்வரை பஃபரில் (மெமரியில் உள்ள தற்காலிக இடம்) வைத்திருந்து மொத்தமாகத் தள்ளும். லாக் தாமதமாக வந்தால்கூடப் பரவாயில்லை. மெமரி போதாமல் கெர்னல் அந்தப் புரோசஸைக் கொன்றுவிட்டால், பஃபரில் இருந்ததெல்லாம் அதோடு போய்விடும். அதாவது சாவதற்கு முந்தைய கடைசி வரிகள், உங்களுக்குத் தேவையான அதே வரிகள்.

தீர்வு டாக்கர்ஃபைலில் ஒரே வரி: 'என்வ் பைத்தான்அன்பஃபர்ட்=1'. என் எல்லா இமேஜிலும் இது கண்ணை மூடிக்கொண்டு போய்விடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிரின்ட் எழுதுவது எஸ்டிடி-அவுட்டில். லாகிங் மாட்யூலின் ஸ்ட்ரீம்ஹேண்ட்லர், நீங்கள் வேறு சொல்லாதவரை, எஸ்டிடி-எர்ரில் எழுதி ஒவ்வொரு முறையும் ஃபிளஷ் செய்துவிடும், அதாவது உடனே வெளியே தள்ளிவிடும். இரண்டையும் கலந்து பயன்படுத்தினால் வரிகள் முன்பின்னாக வந்து தலையைச் சுற்ற வைக்கும். பேசாமல் பிரின்ட்டை விட்டுவிடுங்கள். அப்புறம், லாகிங்கின் இயல்பு மட்டம் வார்னிங் என்பதால் இன்ஃபோ வரிகள் தாமாக வராது. பேசிக்கான்ஃபிக்கில் மட்டத்தை இன்ஃபோ என்று மாற்றுங்கள்.

படி 3: ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி

இருபது வரி டிரேஸ்பேக் (பிழை எந்த வழியாக வந்தது என்று பைத்தான் காட்டும் பட்டியல்) வந்தால் டாக்கருக்கு அது இருபது தனித்தனிப் பதிவுகள். நடுவில் வேறு கோரிக்கையின் வரி புகுந்துவிட்டால் பிரித்தெடுக்க முடியாது. ஜேசனாக எழுதினால் டிரேஸ்பேக் முழுவதும் ஒரே வரிக்குள் அடங்கிவிடும். சின்ன ஆப்பென்றால் பைத்தான்-ஜேசன்-லாகர் போதும். நேரம், மட்டம், செய்தி, கோரிக்கை ஐடி நான்கும் கட்டாயம் இருக்கட்டும். நேரத்தை யுடிசியிலேயே (உலகப் பொது நேரம்) விடுங்கள். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் என்பது மட்டும் நினைவிருந்தால் சரி.

ஏபிஐ தந்த பதிலை அப்படியே லாக்கில் கொட்டாதீர்கள். 16 கேபியைத் தாண்டும் வரியை டாக்கர் துண்டாக்கிவிடும், ஜேசன் உடைந்துவிடும். பாஸ்வேர்டு, ஓடிபி, ஆதார் எண் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படி 4: டிஸ்க்கைக் காப்பாற்றுவது

லாக்கை எங்கே, எப்படிச் சேமிப்பது என்பதைப் பார்த்துக்கொள்வது லாக் டிரைவர். டாக்கரின் இயல்பான லாக் டிரைவர் ஜேசன்-ஃபைல். அதற்கு அளவு வரம்பே கிடையாது. /வார்/லிப்/டாக்கர்/கன்டெய்னர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஒரே ஃபைல் வளர்ந்துகொண்டே போகும்.

என் விருப்பம் லோக்கல் டிரைவர். கன்டெய்னருக்கு 20 எம்பி வீதம் 5 ஃபைல், பழையவை சுருக்கப்பட்டிருக்கும். /ஈடிசி/டாக்கர்/டெமன்.ஜேசன் ஃபைலில் "லாக்-டிரைவர்": "லோக்கல்" என்று எழுதி டாக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். லைவ்-ரீஸ்டோர் (டாக்கர் நின்றாலும் கன்டெய்னர்களை ஓடவிடும் அமைப்பு) வைத்திருக்காவிட்டால் ஓடும் கன்டெய்னர்கள் எல்லாம் நின்றுவிடும், அதனால் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. ஏற்கெனவே இருக்கும் கன்டெய்னர்களுக்குப் பழைய அமைப்பே தொடரும். 'டாக்கர் ரீஸ்டார்ட்' போட்டாலும் மாறாது. கன்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும். கம்போஸ் என்றால் 'அப் -டி --ஃபோர்ஸ்-ரீகிரியேட்' (இந்த -டி என்பது -d). பிறகு 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' அடித்து லாக்கான்ஃபிக் பகுதியில் லோக்கல் என்று வந்திருக்கிறதா எனக் கண்ணால் பாருங்கள்.

டிஸ்க் இப்போதே நிரம்பிக் கிடக்கிறதா? அந்த ஃபைலை ஆர்எம் போட்டு அழிக்காதீர்கள். டாக்கர் அதைத் திறந்து வைத்திருப்பதால் பெயர்தான் மறையும், இடம் திரும்பாது. 'டிரங்கேட் -எஸ் 0' போட்டுக் காலி செய்யுங்கள், இடம் உடனே கிடைக்கும்.

படி 5: கிளவுட்டுக்குப் போனால்

பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், லாக்கைச் சுழற்றும் வேலை ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் குபெலெட்டுடையது: இயல்பாக 10 எம்ஐபி, 5 ஃபைல். ஆனால் 'குபெசிடிஎல் லாக்ஸ்' காட்டுவது கடைசி ஃபைலை மட்டும். கன்டெய்னர் கிராஷ் ஆகி மறுபடி எழுந்திருந்தால் '--பிரீவியஸ்' சேருங்கள். பாட் (கன்டெய்னர்களைச் சுமக்கும் குபர்னெட்டிஸ் அலகு) நீக்கப்பட்டுவிட்டால் அதுவும் இல்லை. அதனால் லாக்கைச் சேகரித்து வெளியே அனுப்ப ஒருவர் வேண்டும். ஃப்ளூயன்ட்டியை விட ஃப்ளூயன்ட் பிட்தான் என் தேர்வு. சி மொழியில் எழுதியது, மெமரி குறைவாகத் தின்னும். சேமிக்க, சின்ன அணிக்கு கிரஃபானாவின் லோக்கி போதும். இதற்காக எலாஸ்டிக்சர்ச் என்ற பெரிய தேடல் மென்பொருளைக் கட்டி மேய்ப்பது தேவையில்லாத வேலை. பழைய டுடோரியல்களில், லோக்கிக்கு லாக் அனுப்பும் கருவியாக ப்ராம்டெயில் என்று இருக்கும். அதன் ஆயுளை 2026 மார்ச்சோடு முடிப்பதாக கிரஃபானா அறிவித்துவிட்டது, புதிதாகத் தொடங்குபவர்கள் அலாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏடபிள்யூஎஸ் கிளவுட்வாட்சில் லாக் குரூப் உருவாக்கியதும் முதல் வேலையாக ரிடென்ஷனை (எத்தனை நாள் வைத்திருப்பது என்ற அமைப்பு) மாற்றுங்கள். இயல்பில் எதுவுமே காலாவதியாகாது, மாதாமாதம் பில் ஏறும். நான் 30 நாள் வைக்கிறேன்.

பின்சேர்க்கை: லோக்கல் டிரைவருக்கு மாறியதும் ஃப்ளூயன்ட் பிட் எதையும் படிக்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், லோக்கல் டிரைவரின் ஃபைல் வெளிக் கருவிகள் படிப்பதற்கானது அல்ல. ஃபைலை நேரடியாகப் படிக்கும் சேகரிப்பான் இருந்தால் ஜேசன்-ஃபைலிலேயே இருந்துகொண்டு, லாக்-ஆப்ட்ஸில் "மேக்ஸ்-சைஸ்": "10எம்", "மேக்ஸ்-ஃபைல்": "3" என்று வையுங்கள். அந்த 3ஐச் சுற்றி மேற்கோள்குறி கட்டாயம். வெறும் எண்ணாகப் போட்டால் டாக்கர் எழவே எழாது.

இன்னொரு பின்சேர்க்கை: ஏடபிள்யூஎஸ்-லாக்ஸ் டிரைவரைப் போட்ட பிறகு ஆப்பே அவ்வப்போது உறைகிறது என்றும் ஒரு கேள்வி. டாக்கரின் இயல்பு முறை பிளாக்கிங். கிளவுட்வாட்ச் தாமதித்தால் பஃபர் நிரம்பி, ஆப் அடுத்த வரியை எழுத முடியாமல் காத்து நிற்கும். "மோட்": "நான்-பிளாக்கிங்" என்று மாற்றி, மேக்ஸ்-பஃபர்-சைஸை 1 எம்பியிலிருந்து 25 எம்பி வரை ஏற்றுங்கள். அதுவும் நிரம்பினால் சில வரிகள் விழுந்துபோகும். பணப் பரிவர்த்தனையின் தணிக்கைப் பதிவை இந்த வழியில் அனுப்பாதீர்கள், அதற்கு டேட்டாபேஸ் டேபிள்தான் சரி.