ஜூலு கிராமங்களுக்கு மிஷன் டிரிப் கிளம்புறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல வந்து இறங்குற ஊழிய டீம்களை குவாசுலு-நடால் கிராமங்களுக்குக் கூட்டிட்டுப் போறது ரொம்ப நாளா என் வேலை. சென்னை, நெல்லை, துபாய், சிங்கப்பூர்னு எந்த சபையில இருந்து வந்தாலும் பண்ற தப்பு மட்டும் ஒரே அச்சு, நாங்க ஆரம்பத்துல பண்ணினதேதான். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, மாத்திரை எடுத்துக்கோங்கன்னெல்லாம் இங்க எழுதல, அதை உங்க அம்மாவே சொல்லி அனுப்புவாங்க.

மே மாசத்துல விபிஎஸ் (பிள்ளைங்களுக்கான லீவு பைபிள் வகுப்பு)

நமக்குத்தான் மே லீவு. அங்க பசங்க ஸ்கூல்ல இருப்பாங்க. அவங்க குளிர்கால லீவு ஜூன் கடைசியில ஆரம்பிச்சு ஜூலையில வரும். தேதி பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

"எட்டப்படாத ஜனங்கள்"னு பேனர்

இதைப் பாத்தாலே தலை சுத்துது. அமெரிக்கன் போர்டுங்கிற மிஷன் அமைப்போட மிஷனரிங்க நடாலுக்கு வந்தது 1835ல. ஜூலு மொழியில முழு பைபிள் 1883லயே வந்தாச்சு. 1960க்கான நோபல் சமாதானப் பரிசு வாங்கின ஆல்பர்ட் லுத்துலி சபையில பிரசங்கம் பண்ணினவர், அவர் தலைவரா இருந்த க்ரூட்வில் ஊருக்குப் பேரே ஆல்டின் க்ரூட்ங்கிற மிஷனரியால வந்தது. இந்த ஜனங்ககிட்ட போய் "இயேசுங்கிற பேரைக் கேட்டிருக்கீங்களா?"ன்னு ஆரம்பிச்சா, பாட்டிங்க சிரிப்பை அடக்கிட்டு மரியாதையா தலையாட்டுவாங்க.

அப்புறம் கை தூக்கச் சொல்ற கூத்து. யாரெல்லாம் ஏத்துக்கறீங்கன்னு கேட்டா மொத்தக் கூட்டமும் தூக்கும், சபை மூப்பரும் சேர்ந்து தூக்குவார், ஏன்னா தூரத்துல இருந்து வந்த விருந்தாளி கேக்கறாங்க, தூக்காம இருந்தா நல்லாவா இருக்கும். போன வருஷம் வேற டீமுக்குத் தூக்கின அதே கைங்கதான். நீங்க எண்ணிட்டு வந்து இத்தனை ஆத்துமா ஆதாயம்னு ரிப்போர்ட் போடுவீங்க.

சனிக்கிழமை வெள்ளை அங்கியோட வெறுங்கால்ல ஆராதனைக்கு உக்காந்திருக்கறவங்களைப் பாத்தீங்கன்னா அது பெரும்பாலும் ஷெம்பே சபை, 1910ல ஏசாயா ஷெம்பே ஆரம்பிச்சது. அவங்க ஆராதனைக்கு நடுவுல போய் சுவிசேஷ நோட்டீஸ் நீட்டாதீங்க.

இங்கிலீஷ் நல்லா பேசுறவரே ஊருக்குத் தலைவர்னு நினைச்சுக்கறது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்புற தப்பு, காசும் நிறைய போற தப்பு.

எப்பவும் இப்படித்தான் நடக்கும். டீம் வேன்ல இருந்து இறங்கும். டர்பன்ல கொஞ்ச காலம் வேலை பாத்துட்டு ஊர் திரும்பின ஒரு தம்பி நல்ல இங்கிலீஷ்ல வரவேற்பார், அன்பான ஆளாவும் இருப்பார், உடனே அவரே மொழிபெயர்ப்பாளர், அவரே வழிகாட்டி, ராத்திரிக்குள்ள அவரே பொருளாளர். ஆனா அந்த நிலம் யாரோடது? 1994ல ஆரம்பிச்ச இங்கொன்யாமா டிரஸ்ட் கையில கிட்டத்தட்ட 28 லட்சம் ஹெக்டேர் இருக்கு, அதுக்கு ஒரே டிரஸ்டி ஜூலு ராஜாதான். ஊர் மட்டத்துல ‘இன்கோசி’ன்னு சொல்ற தலைவர், அவருக்குக் கீழ பகுதிக்கு ஒரு ‘இந்துனா’. யாருக்கு எந்த இடம், வெளியாளு எதைக் கட்டலாம், எதை வைக்கலாம்னு எல்லாமே அவங்க வழியாத்தான் போகணும். முதல் நாளே ஊர்ப் பெரியவர் ஒருத்தரோட இந்துனா வீட்டுக்குப் போய், காட்டின இடத்துல உக்காந்து, அவரா பேச ஆரம்பிக்கற வரைக்கும் பொறுமையா இருக்கணும். அரை நாள் போகும். போகட்டும்.

ம்சிங்காங்கிற கிராமப் பகுதிக்கு ஒரு டீம் வந்தாங்க. பேர் வேணாம், நல்ல மனசுக்காரங்க. பொம்பளைங்க தூரத்துல இருந்து தண்ணி சுமந்து வர்றதைப் பாத்து அழுதாங்க, அங்கேயே காணிக்கை எடுத்தாங்க, அந்தத் தம்பி கைகாட்டின வீடுகளுக்கெல்லாம் மழைத்தண்ணி பிடிக்க 5000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் வாங்கி இறக்கினாங்க. இந்துனாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல, எந்தப் பாட்டிகிட்டயும் கேக்கல. கேட்டிருந்தா ஒரே நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க: இது புல்லு வேய்ஞ்ச வட்ட வீடும்மா, இதுல எங்க போய் கூரைத் தண்ணி பிடிக்கற கால்வாய் மாட்டுவே? 40 சதுர மீட்டர் தகரக் கூரை மேல 25 மில்லிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 1000 லிட்டர் தண்ணி பிடிக்கலாம். புல்லுக் கூரையில சுத்தி எல்லாப் பக்கமும் சொட்டும், சொட்டறதும் பழுப்பா இருக்கும். தகரக் கூரை இருந்த வீடுங்களும் அதே ஊர்ல இருந்துச்சு, தம்பியோட சொந்தக்காரங்க வீடு இல்ல, அவ்வளவுதான். அவர் திருடனும் இல்ல, கேட்டதுக்கெல்லாம் "ஆமா, ஆமா"ன்னு சொன்னார், விருந்தாளிகிட்ட யாரு இல்லைன்னு சொல்லுவா.

டீம் வந்தது ஜூலையில, அந்தப் பக்கம் மழையே இல்லாத காலம். அதனால ஒரு சொட்டு கூட உள்ள இறங்காதுங்கிறது அவங்க போட்டோ எடுத்துட்டு ஊர் போய்ச் சேர்ந்து நவம்பர் மழை வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியல. அடுத்த தடவை நான் போனப்ப காலி டேங்க் ஒண்ணு காத்துல உருண்டு பள்ளத்துல கிடந்துச்சு, இன்னொண்ணைப் பாதியா அறுத்து ஆட்டுக்குத் தண்ணித் தொட்டி ஆக்கியிருந்தாங்க, உண்மையிலேயே உருப்படியா பயன்பட்டது அது ஒண்ணுதான். இந்துனா என்கிட்ட "அதை யாரைக் கேட்டு வெச்சாங்க?"ன்னு கேட்டார். நான் என்ன சொல்ல. அதுக்கப்புறம் வந்த டீம் அந்தப் பகுதிக்குள்ள கால் வைக்கவே நாங்க எத்தனை தடவை நடந்தோம் தெரியுமா.

மாத்திரையை நிறுத்தச் சொல்றது

கூடவே கூடாது. ஜெபம் பண்ணுங்க, "சுகமாயிட்டீங்க, மாத்திரை வேணாம்"னு மட்டும் சொல்லாதீங்க. தென்னாப்பிரிக்காவுலயே எச்ஐவியோட வாழறவங்க எண்ணிக்கை அதிகமா இருக்கற மாகாணம் இது. இதே ம்சிங்காவுல, துகேலா ஃபெர்ரி ஆஸ்பத்திரியில, எந்த மருந்துக்கும் சரியா மசியாத டிபி வந்த 53 பேர்ல 52 பேர் செத்துப் போனாங்க, 2006ல உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். டிபி மாத்திரையைப் பாதியில விட்டா அந்த மாதிரி கிருமிக்கு நாமளே வழி விடறோம்.

வீட்டுக்குள்ள எங்க வேணா உக்காரறது

வட்ட வீட்டுல வாசலுக்கு நேரெதிர் பின்பக்கம் ‘உம்சாமோ’, முன்னோர்களுக்கான இடம். அங்க பையை வெச்சுட்டு கிடார் வாசிச்ச பிரதரை எனக்குத் தெரியும். மாட்டுப்பட்டிக்குள்ளயும் நுழையாதீங்க, சிஸ்டருங்க முக்கியமா.

குழந்தைங்க போட்டோவுக்கு "அனாதை"ன்னு கேப்ஷன்

அம்மா ஜோகன்னஸ்பர்க்ல வேலை பாக்கறாங்க, பிள்ளை பாட்டிகிட்ட வளருது. அது அனாதை இல்ல.

நம்ம முகத்தை மறந்துடறது

வெள்ளைக்காரங்களைப் பாக்கற மாதிரி உங்களைப் பாக்க மாட்டாங்க. 1860ல மெட்ராஸ்ல இருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினவங்க வழி வந்த டர்பன் இந்தியர்கள்ல ஒருத்தராத்தான் பாப்பாங்க. அதுல கடைக்காரர்-வாடிக்கையாளர் கணக்கு இருக்கு, ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடுவுல டர்பன்ல நடந்து 142 பேர் செத்த 1949 கலவரம் இருக்கு, 2021 ஜூலையில டர்பன் பக்கத்துல இந்தியர்கள் அதிகமா இருக்கற ஃபீனிக்ஸ்ல கறுப்பின ஜனங்களைக் கொன்னது இருக்கு. அதனால "இந்த ஏரியா சேஃபா?"ன்னு அவங்க முன்னாடியே தமிழ்ல கிசுகிசுக்காதீங்க, சேஃபுங்கிற வார்த்தை அவங்களுக்கும் புரியும். டர்பன்ல உங்களைத் தங்க வெச்ச குடும்பம் ஜூலு ஜனங்களைப் பத்தி சாப்பாட்டு மேஜையில சொல்ற கதைகளையும் அங்கேயே விட்டுட்டு வாங்க.

டூரிஸ்ட்னு விசா வாங்கிட்டு வந்து ஊழியம் செய்யறது

தன்னார்வ வேலைன்னு போட்டே விசாவுக்கு அப்ளை பண்ணுங்க. கூப்பிடுற சபையோட கடிதத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கேளுங்க, ஏர்போர்ட்ல நின்னுட்டு எனக்குப் போன் அடிக்காதீங்க.