ஓடும் டிராமைப் படம் எடுத்து, அதன் வேகத்தையும் கண்டுபிடிப்பது எப்படி?

டிராம் படத்தை யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி, "இது என்ன வேகத்தில் போகும்?" என்பதுதான். இன்றைய டிராம்களில் பெரும்பாலானவற்றின் விவரக்குறிப்பில் மணிக்கு 70 அல்லது 80 கி.மீ. என்று ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். அது வண்டியால் முடிந்த உச்சம். நீங்கள் படம் எடுத்தபோது அது போன வேகம் வேறு. அதைக் கண்டுபிடிக்க ரேடார் கருவி எல்லாம் வேண்டாம். கேமராவும் டிராமின் நீளமும் ஒரு கம்பமும் போதும். ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. இடம்

இரண்டு நிறுத்தங்களுக்கு நட்டநடுவில் நில்லுங்கள். காரணம் இருக்கிறது. டிராமின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்குச் சுமார் 1 மீட்டர் கூடுகிறது என்று கொள்ளுங்கள். நின்ற நிலையிலிருந்து 70 கி.மீ. வேகத்தை எட்ட 19 நொடி ஆகும், அதற்குள் 190 மீட்டர் ஓடியிருக்கும். நிறுத்தவும் ஏறக்குறைய அதே தூரம். ஆக, 400 மீட்டர் இடைவெளியில் நிறுத்தங்கள் இருக்கும் தடத்தில் உச்ச வேகத்தைத் தொட்டவுடனே பிரேக் பிடிக்க வேண்டியதுதான். நகரத்துக்குள் 70 பார்ப்பது அபூர்வம் என்பதற்கு சிக்னலும் நெரிசலும் மட்டும் காரணமில்லை.

தண்டவாளத்துக்குச் செங்குத்தாக, நடைபாதையில், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். புதிய டிராம்கள் சத்தமே இல்லாமல் வந்துவிடும். கண்ணை வியூபைண்டரில் வைத்துக்கொண்டு பின்னால் நகராதீர்கள்.

2. படம்

பின்னணி கோடுகளாக இழுபட்டு, வண்டி மட்டும் தெளிவாக நிற்கும் படம்தான் வேகத்தைச் சொல்லும். ஷட்டர் 1/40 அல்லது 1/60 வைத்து, டிராமின் முகத்தைப் பின்தொடர்ந்து இடுப்பிலிருந்து திரும்புங்கள். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்த வேண்டாம்.

எல்லாவற்றையும் உறைய வைக்கும் 1/1000 எனக்குப் பிடிக்காது. ஓடும் டிராமும் நிற்கும் டிராமும் அதில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இன்னொரு சங்கடம், நெற்றியில் ஒளிரும் எல்இடி பெயர்ப்பலகை. அந்த விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டு விட்டு எரிகின்றன. ஷட்டர் வேகம் கூடினால் ஊர்ப்பெயரில் பாதி காணாமல் போய்விடும். 1/100க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் முழுசாக விழும். எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். இல்லையென்றால், கேமரா டிராமோடு சேர்ந்து திரும்பாத படத்தில் ஜன்னல்கள் எல்லாம் சாய்ந்து நிற்கும்.

3. வீடியோ

வேகக் கணக்குக்குத் தனியாக ஒரு வீடியோ வேண்டும். இங்கே கேமரா அசையவே கூடாது. சட்டகத்தின் நடுவில் ஒரு விளக்குக் கம்பம் தெரியட்டும். டிராமின் மூக்கு அந்தக் கம்பத்தைத் தொடுவது முதல் வால் அதைக் கடப்பது வரை எவ்வளவு நேரம் என்பதுதான் நமக்கு வேண்டியது. சாய்வாக நின்றால் குவிந்த மூக்கு எப்போது தொட்டது என்பதிலேயே குழப்பம் வரும். அதற்காகத்தான் செங்குத்தாக நிற்கச் சொன்னேன்.

4. நேரம்

என்னை ரொம்ப அலையவிட்டது இந்தப் படிதான். 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு 30 பிரேம்) வீடியோ, கம்பத்தைக் கடக்க 90 பிரேம், எனவே 3 நொடி என்று கணக்குப் போடத் தோன்றும். போன்களில் அப்படிப் போடாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே பிரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். சாயங்காலத்தில் அது 24க்கு இறங்கியிருந்தால் அதே 90 பிரேம் 3.75 நொடி. மெல்பர்னின் இ கிளாஸ் டிராமை எடுத்துக்கொள்ளுங்கள், நீளம் 33.45 மீட்டர். 3 நொடி என்றால் 40 கி.மீ.; 3.75 நொடி என்றால் 32 கி.மீ. ஒரே வண்டி, ஒரே வீடியோ!

எனவே பிரேமை எண்ணாமல், ஒவ்வொரு பிரேமோடும் பதிவாகியிருக்கும் நேரத்தைப் படியுங்கள். இதற்கு என் தேர்வு அவிடெமக்ஸ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள். இலவசம், அம்புக்குறி விசையை அழுத்தினால் பிரேம் பிரேமாக நகரும், நேரத்தை மில்லிநொடி வரை காட்டும். விஎல்சி இதற்குச் சரிப்படாது. ஐபோனில் ஆட்டோ எஃப்பிஎஸ் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அரட்டைச் செயலி வழியாக வந்த வீடியோவை நம்ப வேண்டாம், அசல் கோப்பு வேண்டும்.

5. நீளம்

பெட்டிகளை எண்ணி நீளத்தை ஊகிக்காதீர்கள். மூன்று பெட்டி இ கிளாஸ் 33 மீட்டருக்கு மேல். ஐந்து பெட்டி டொராண்டோ ஃபிளெக்சிட்டி 30 மீட்டர்தான். இத்தனைக்கும் இரண்டும் ஃபிளெக்சிட்டி என்ற ஒரே டிராம் குடும்பம். ஒரே பெயரிலும் வித்தியாசம் உண்டு: சிட்டாடிஸ் என்ற டிராம் வகையில் 302 சுமார் 33 மீட்டர், 402 சுமார் 44 மீட்டர். எந்த ஊர், எந்த வகை என்று பார்த்து எடுங்கள்.

6. கணக்கு

நீளத்தை நேரத்தால் வகுத்து 3.6ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான். புடாபெஸ்டின் 54 மீட்டர் காம்பினோ டிராம் 5.4 நொடியில் கடந்தால், நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ.

அப்புறம் ஒரு சரிபார்ப்பு. முதல் பெட்டி கம்பத்தைக் கடக்கும் நேரத்தையும் கடைசிப் பெட்டியின் நேரத்தையும் தனித்தனியே பாருங்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் டிராமில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். கடைசிப் பெட்டி சீக்கிரம் கடந்தால் வண்டி வேகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குக் கிடைத்தது சராசரி மட்டும். படத்தின் கீழே அப்படியே எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: இரண்டு டிராம்களைக் கோத்து ஓட்டினால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். முன் வண்டியை மட்டும் அளந்தால் போதும், நடுவில் இருக்கும் இணைப்பின் நீளத்தைத் தேட வேண்டாம்.

இன்னொன்று: ஸ்லோமோஷனில் எடுத்தவர்களுக்கு டிராம் மணிக்கு 10 கி.மீ. என்று வந்திருக்கிறது. 120 எஃப்பிஎஸ்ஸில் எடுத்ததை 30இல் ஓடும்படி சில போன்கள் சேமிக்கின்றன. உங்கள் போன் எப்படி என்று தெரிய, அதே மோடில் ஒரு ஸ்டாப்வாட்சைப் பத்து நொடி எடுத்துப் பாருங்கள். மென்பொருளிலும் பத்து நொடி வந்தால் சரி. நாற்பது வந்தால், டிராமுக்குக் கிடைத்த நேரத்தை நான்கால் வகுத்த பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.