மண்ணில்லாமல் வந்த போன்சாய்க் கன்று: நட்டாச்சு, துளிர் எங்கே?

நர்சரிக்காரர்கள் ஃபைகஸ் என்று சொல்லும் இச்சிக் கன்றுகள் மூன்று, வேரில் ஒரு பொட்டு மண்கூட இல்லாமல் கூரியரில் எனக்கு வந்தன. இரண்டு பிழைத்தன. மூன்றாவதை நானே கொன்றேன். வேர் பிடித்ததா என்று பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்ததுதான் காரணம்.

1. பார்சலைப் பிரித்ததும் வேரை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற விடுங்கள். கறுத்துக் கொழகொழத்த வேர்களை வெட்டிவிடுங்கள். இலை இருந்தால் முக்கால்வாசியைக் காம்பை மட்டும் விட்டு நறுக்குங்கள். மனசு வராதுதான். ஆனால் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் மண்ணோடு போய்விட்டன. உள்ளே வரவில்லாமல் இலை வழியே செலவு மட்டும் நடந்தால் கன்று வாடிவிடும்.

2. தொட்டிக்கான கலவை: சலித்த செங்கல் துண்டு இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, மட்கிய இலையுரம் ஒரு பங்கு. செங்கல் துண்டு மிளகு அளவு இருந்தால் போதும். தூள் வேண்டாம், நீர் வடியாது. நட்டபின் தொட்டியின் அடி ஓட்டை வழியாகக் கம்பி கொடுத்து மரத்தை அசையாமல் கட்டுங்கள். காற்றில் ஆட ஆடப் புது வேர்முனை ஒடியும்.

3. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. தொட்டியோடு சேர்த்துக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையால் மூடினால் ஈரப்பதம் நிற்கும். அந்தப் பையோடு வெயிலில் வைத்தால் கன்று இட்லி மாதிரி வெந்துவிடும். கத்திரி வெயில் காலத்தில் இந்த வேலையையே எடுக்காதீர்கள்.

4. தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். தொட்டி ஓரமாக ஓர் ஈர்க்குச்சியைச் செருகி வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது குச்சி ஈரமாக இருந்தால் அன்றைக்கு விடுமுறை.

5. இனி காத்திருப்பு. கஷ்டமான வேலை இதுதான். வெதுவெதுப்பான காலத்தில் இச்சி துளிர்க்க மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். பொறுக்க முடியவில்லையா? பட்டையில் ஓரிடத்தில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். பச்சையாக ஈரம் தெரிந்தால், அல்லது பால் கசிந்தால், அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். நுனி செத்தும் அடி பிழைத்திருக்கும். ஒரு தடவை போதும், தினமும் கீறினால் மரம் தாங்காது.

என் கன்றில் முதலில் தெரிந்தது கணுவில் கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி. நான்கைந்து நாளில் அது ஊசிபோல நீண்டது. ஆகா என்று உடனே உரத்தைத் தூக்கிவிடாதீர்கள். முதல் துளிர் தண்டில் சேமித்த சத்திலிருந்தே வந்துவிடும், வேர் பிடித்ததற்கு அது சாட்சி இல்லை. இரண்டாவது சுற்று இலை விரிந்து, நடுப்பகலிலும் வாடாமல் நிற்கிறதா? அப்போது பையில் ஓட்டை போட்டு, ஒரு வாரத்தில் மெல்ல மெல்லத் திறந்து எடுங்கள். உரம் அதற்கும் ஒரு மாதம் கழித்து, பாதி அளவு.

காகிதப்பூவை இப்படி நட்டிருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். அது இரண்டு மாதம்கூட மொட்டைக் குச்சியாக நிற்கும்.