அழாம பொறந்த குழந்தைக்கு மூளை ஊசி தேடி அலையறதுக்கு முன்னாடி

கொழிஞ்சாம்பாறைல எங்க மருந்துக்கடைக்கு ஒரு அம்மிச்சி வந்தாங்க, கையில மருமகன் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட், 'வளர்ச்சி காரணி மூளையைக் காப்பாத்தும்'னு. பேரன் பொறந்ததும் அழலை, மூச்சு லேட்டாச்சு, இப்ப கோயம்புத்தூர்ல ஐசியூல இருக்கான். "ஏனுங் கண்ணு, இது ஊசிங்களா சிரப்புங்களா?"

நம்ம பக்கத்துக் கடைல கெடைக்கறது இல்லீங்க அது. நெறைய பேர் இத ஒசரமாகறதுக்குப் போடற குரோத் ஹார்மோன்னு நெனச்சுக்கறாங்க, அது வேற. இது நரம்பு செல்லை 'செத்துறாத, இரு'ன்னு தாங்கிப் பிடிக்கற புரதம். இந்த வகைல முதல்ல கண்டுபிடிச்ச ஒண்ணுக்குத்தான் ரீட்டா லெவி மொண்டால்சினிங்கற விஞ்ஞானிக்கு 1986ல நோபல் கெடச்சுது.

பெரிய தப்பு எங்கன்னா, எலிக்கு ஆனது நம்ம குழந்தைக்கும் ஆயிரும்னு நம்பறது. லேப்ல மூளைக்கு ஆக்ஸிஜன் கொறையட்டும்னு 7 நாள் எலிக்குஞ்சுக்கு கழுத்துல ஒரு பக்கம் ரத்தக்குழாயைக் கட்டி, 8% ஆக்ஸிஜன்ல வெப்பாங்க (நாம இழுக்கற காத்துல 21%), அதுக்கு இந்தப் புரதத்தைப் பல சோதனைல நேரா மூளைக்குள்ளயே விட்டாங்க, ஏன்னா ரத்தத்துல போட்டா இவ்வளவு பெரிய புரதம் மூளைக்குள்ள போறது ரொம்பக் கம்மி. எலி தேறுச்சு, வாஸ்தவம். அதே மாதிரி நம்பிக்கை குடுத்த எரித்ரோபொய்ட்டினை (ரத்தச் சிவப்பணுவ ஊற வெக்கற ஹார்மோன்) அமெரிக்காவுல 500 குழந்தைங்களுக்கு, உடம்பைக் குளிர வைக்கற வைத்தியத்தோட சேத்துக் குடுத்துப் பாத்தாங்க, 2022ல ரிசல்ட் வந்துச்சு, பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடுச்சு.

அப்புறம் டைம். மூச்சு திரும்பிருச்சு, இனி பயமில்லைன்னு வீட்ல ஒக்காந்துக்கறாங்க பாருங்க, அங்கதான் கோட்டை விடறோம். மூளைக்கு அடி ரெண்டு தவணையா விழுது. மொத அடிக்கப்பறம் செல்லு கொஞ்சம் தேறின மாதிரி இருக்கும், சில மணி நேரம் கழிச்சு மறுபடி சரிய ஆரம்பிக்கும். அதனாலதான் குளிர வைக்கறதா இருந்தா 6 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு, உடம்பை 33, 34 டிகிரி செல்சியஸ்ல 72 மணி நேரம் வெக்கறாங்க. இந்தப் பேரன் விஷயத்துல பாலக்காடா கோயம்புத்தூரா, பெரியப்பா வரட்டும்னு ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடில ஒன்றரை மணி நேரம் பேசியிருக்காங்க.

குளிர்னா நல்லதுன்னு கேட்டுட்டு வண்டில ஈரத்துணி சுத்தறவங்களும் உண்டு. தயவுசெஞ்சு வேண்டாங்க! இந்தியா, இலங்கை, வங்கதேச ஆஸ்பத்திரிகள்ல 408 குழந்தைங்கள வெச்சு நடந்த ஆய்வுல, 2021ல வந்துச்சு, குளிர வெச்ச பக்கம்தான் சாவு கூடுதல். மெஷின் இருக்கற எடத்துலயே இந்தக் கதி, அப்ப யாருக்குச் செய்யறதுன்னு டாக்டரே யோசிச்சுதான் முடிவு பண்ணுவாரு.

அம்மிச்சி கடைசில மூளை டானிக்காவது குடுங்கன்னாங்க, நான் குடுக்கலை. ஃபிட்ஸ் வந்துச்சா, எம்ஆர்ஐ எப்ப எடுப்பாங்க, வீட்டுக்கு வந்தப்பறம் எத்தன மாசத்துக்கொருக்கா வளர்ச்சி பாக்க வரணும், இதையெல்லாம் கேளுங்கன்னு மாத்திரை கவர் பின்னாடி எழுதிக் குடுத்தேன். அத மடிச்சு சுருக்குப்பைல வெச்சுட்டு, ஒரு பாக்கெட் டயப்பரும் வாங்கிட்டு, வேலந்தாவளம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாங்க.