பசங்க பண்ற சின்ன தப்ப கேஸ் ஆக்காம முடிக்கிறது எப்படி

பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் செவுத்துல பெயிண்ட் அடிச்சுட்டான், இல்ல கடையில எதையோ எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டான். இதுக்கு போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விட்டா அவன் மனசுல நிக்கிறது அந்த அலைச்சல்தான், பண்ண தப்பு இல்ல. அதனால உங்க ஏரியாவுல வேற வழி கொண்டு வரணும்னு நெனச்சீங்கன்னா இப்படி ஆரம்பிங்க.

மொதல்ல எது குற்றம், எது குற்றமே இல்லன்னு பிரிங்க. ஸ்கூல் கட் அடிக்கிறது, வீட்ட விட்டு ஓடிப்போறது இதெல்லாம் பெரியவங்க செஞ்சா யாரும் புடிக்க மாட்டாங்க, அப்போ பசங்களையும் புடிக்கக் கூடாது. பசங்க குற்றத்துல எறங்காம தடுக்க ஐநா 1990ல கொண்டு வந்த ரியாத் வழிகாட்டுதல்லயும் இதத்தான் சொல்லிருக்காங்க.

மீதி இருக்கறதுல நெறைய விஷயத்துக்கு ஒரு எச்சரிக்கையே போதும், நம்மகிட்ட புதுசா ஒரு திட்டம் இருக்குன்னு எல்லாரையும் அதுக்குள்ள இழுத்துப் போட்டா, முன்னாடி திட்டிட்டு விட்டிருப்பாங்களே அந்தப் பையனும் ஃபைல்ல ஏறிடுவான். இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், நல்ல எண்ணத்துல ஆரம்பிச்ச எடத்துலதான் இந்தத் தப்பு நடக்குது.

எச்சரிக்கை பத்தாதுன்னா நேருக்கு நேர் உக்காந்து பேச வைங்க. பையன் தப்ப ஒத்துக்கிட்டு அவனும் வீட்டுக்காரங்களும் சம்மதிச்சா மட்டும்தான். நான் பண்ணலன்னு சொன்னா மெரட்டி ஒத்துக்க வைக்காதீங்க, அது முறையா விசாரிக்க வேண்டியது. பாதிக்கப்பட்டவர தனியா பாத்து முன்னாடியே பேசிடுங்க, அவருக்கு வர இஷ்டம் இல்லன்னா கட்டாயப்படுத்தாதீங்க.

பேச உக்கார்ற அன்னிக்கு நாற்காலிய வட்டமா போடுங்க, நடுவுல டேபிள் வேணாம். "ஏன்டா பண்ண?"ன்னு கேட்டா "தெரியல"ன்னுதான் வரும், "இதுல யாருக்கு என்ன கஷ்டம் ஆச்சு?"ன்னு கேளுங்க. கொஞ்ச நேரம் தலைய குனிஞ்சுக்கிட்டு சட்டை பட்டன திருகிக்கிட்டு இருப்பான், அம்மா பதறிப்போய் அவனுக்காகப் பேச வருவாங்க, அவங்கள மெதுவா நிறுத்துங்க, அந்த அமைதிய யாரும் கலைக்காம விட்டா அவனே வாயத் தொறப்பான். அப்புறம் குடும்பத்த மட்டும் தனியா விட்டு என்ன செய்யலாம்னு அவங்களே யோசிக்கட்டும், நியூசிலாந்துல பசங்களுக்கும் குடும்பத்துக்குமான 1989 சட்டத்துல இருந்து இப்படித்தான் பண்றாங்க.

ஒப்பந்தம் சின்னதா, தேதி போட்டு இருக்கணும். "இனிமே ஒழுங்கா இருப்பேன்"னு எழுதி வாங்கறதுல அர்த்தமே இல்ல, "வர்ற சனிக்கிழமை அந்தச் செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சுக் குடுப்பேன்"னு இருக்கணும். 1974ல கனடாவோட எல்மைரா ஊர்ல ரெண்டு இளைஞருங்க 22 எடத்துல சேதம் பண்ணிட்டாங்க, அவங்க கேஸ பாத்த நன்னடத்தை அதிகாரி சொன்ன யோசனைக்கு நீதிபதியும் ஒத்துக்கிட்டாரு, அந்த அதிகாரி அவங்கள பாதிக்கப்பட்டவங்க வீடு வீடா கூட்டிட்டுப் போனாரு, அந்த இளைஞருங்களும் பேசி நஷ்டத்த கட்டுனாங்க, பாதிக்கப்பட்டவங்களோட நேருக்கு நேர் பேச வைக்கிறதுன்னு இன்னிக்கு பல நாட்டுல நடக்கற முறைக்கு வேரே அதுதான்.

பயமுறுத்தலாம்னு பசங்கள ஜெயில சுத்திக் காட்ட மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அமெரிக்காவுல அப்படிப் பண்ணத ஆராய்ச்சி பண்ணிப் பாத்ததுல, போகாத பசங்கள விட போன பசங்கதான் அதிகமா தப்பு பண்ணிருக்காங்க.

சொன்ன வேலைய முடிச்சதும் அன்னிக்கே ஃபைல மூடுங்க, ஸ்கூலுக்கோ நாளைக்கு வேலை குடுக்கறவங்களுக்கோ அது போகாதுன்னு அவன் கையிலயே எழுதிக் குடுங்க.