கிட்டார் நட்டில் காடி வெட்ட எந்த அரம் வாங்கலாம்?

புதிதாகக் கற்பவர்கள் எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு) பிடிக்கத் திணறினால், பல நேரம் குறை விரலில் இல்லை, நட்டில்தான் இருக்கும். கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டுதான் நட், அதில் கம்பி உட்காரும் பள்ளம்தான் காடி. காடி ஆழம் போதாமல் கம்பி உயரமாக நிற்கும். முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தும்போது விரல் வலிக்கும், சுருதியும் ஏறிப்போகும். அந்தக் காடியைச் சரிசெய்யத் தேவையானது நல்ல அரமும் பொறுமையும். இதில் அரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் முக்கோண அரம் வேண்டாம். அது ‘வி’ வடிவில் காடி வெட்டும். கம்பி அடியில் உட்காராமல் இரு சுவர்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு தாவினால் காரணம் இதுதான். ஹாக்ஸா பிளேடும் உதவாது. அதன் தடிமன் அரை மி.மீ.க்கு மேல். முதல் கம்பியோ கால் மி.மீ.தான். அகலக் காடியில் கம்பி பக்கவாட்டில் ஆடும், அதிரும்.

நமக்கு வேண்டியது விளிம்பில் மட்டும் பல் வைத்த, விளிம்பு வளைவாக இருக்கும் மெல்லிய அரம். ‘நட் ஃபைல்’ என்று கேட்டு வாங்குங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் ஒவ்வொன்றிலும் அகலம் குறித்திருக்கும். கம்பி செட்டும் அதே கணக்குதான் என்பதால் ஒப்பிடுவது எளிது.

எந்த அளவு?

முதலில், எந்த செட் போடப்போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். பிறகு செட்டை மாற்றினால் காடியும் மாற வேண்டிவரும். காடி, கம்பியைவிட 0.002 முதல் 0.004 அங்குலம் அகலமாக இருந்தால் போதும். சுற்றில்லாத வெறும் கம்பிக்குக் குறைவாக, மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பிக்குச் சற்று அதிகமாக வையுங்கள்.

எலக்ட்ரிக்கில் பரவலாகப் போடும் 10-46 செட்டில் கம்பிகள் 10, 13, 17, 26, 36, 46. இதற்கு 0.013, 0.020, 0.028, 0.038, 0.048 என்று ஐந்து அரங்கள் போதும். 0.013 அரமே முதல் இரண்டு கம்பிகளுக்கும் ஆகும். இரண்டாவது கம்பிக்கு வெட்டும்போது அரத்தை இடமும் வலமும் லேசாகச் சாய்த்து உருட்டினால் காடி கொஞ்சம் அகலமாகும். அக்கூஸ்டிக் 12-53 செட்டுக்கு 0.013, 0.018, 0.026, 0.035, 0.045, 0.056. சொன்ன எண் கிடைக்கவில்லையென்றால் ஒரு படி சிறியதை வாங்குங்கள், பெரியதை அல்ல. சிறிய அரத்தை உருட்டி அகலப்படுத்தலாம். அகலமான காடியைக் குறுக்குவது எளிதல்ல.

முழு செட் வாங்கப் பணம் இல்லையென்றால் இரண்டு மாற்று உண்டு. ஒன்று, மெக்கானிக் கடைகளில் இருக்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பான ஃபீலர் கேஜ். அதன் 0.30, 0.40, 0.50 மி.மீ. தகடுகளின் விளிம்பில் டைமண்ட் அரத்தால் நெருக்கமாகப் பல் வெட்டிக்கொண்டால், எலக்ட்ரிக் 10-46 செட்டில் சுற்றில்லாத மூன்று கம்பிகளுக்கும் ஆகும். விளிம்பின் இரு மூலைகளையும் உப்புத்தாளில் தேய்த்து வளைவாக்க மறக்காதீர்கள். மற்றொன்று, கேஸ் வெல்டிங்காரர்கள் முனைத் துளையைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் மெல்லிய கம்பி அரமான டிப் கிளீனர். உருண்டையாக இருப்பதால் காடியின் அடி அழகாக வளையும். ஆனால் அது வளைந்துகொடுக்கும், அதனால் நேர்க்கோடு பிடிப்பது கஷ்டம். ஏற்கெனவே இருக்கும் காடியைத் திருத்த மட்டும் வைத்துக்கொள்ளலாம், புதிதாக வெட்ட வேண்டாம்.

எந்த அரம் வாங்கினாலும் நேராக நட்டில் வைக்காதீர்கள். பழைய நட்டிலோ பிளாஸ்டிக் துண்டிலோ ஒரு காடி வெட்டி, கம்பியை வைத்துப் பாருங்கள். கை ஆட்டத்தில், குறித்த அளவைவிட எல்லா அரமும் கொஞ்சம் அதிகமாகத்தான் வெட்டும். உங்கள் கைக்கு எவ்வளவு கூடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வெட்டும் முறை

கழுத்தின் வளைவை டிரஸ் ராட்டில் (கழுத்துக்குள் இருக்கும், முடுக்கிச் சரிசெய்யும் உலோகத் தண்டு) சரிசெய்த பிறகே நட்டைத் தொடுங்கள். ஃப்ரெட்போர்டின் ஓரத்திலும் நட்டுக்குப் பின்னே தலைப்பகுதியிலும் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். எலும்பு நட் என்றால் முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.

ஒரு கம்பியை மட்டும் தளர்த்தி, பக்கத்துக் காடிக்கு நகர்த்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அரத்தின் பின்முனையைத் தலைப்பகுதி பக்கம் இறக்கிப் பிடியுங்கள். தலைப்பகுதி எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதில் ஏறக்குறைய பாதிச் சாய்வு போதும். கம்பி, காடியின் முன்விளிம்பில், அதாவது ஃப்ரெட்போர்டு பக்கத்து ஓரத்தில்தான் தொட்டு நிற்க வேண்டும். காடி தட்டையாகவோ எதிர்ப்பக்கம் சாய்ந்தோ இருந்தால் திறந்த கம்பியில் ரீங்காரம் வரும். தம்புராவில் நூல் வைத்து வரவழைக்கும் அதே ஜீவா ஒலிதான். அங்கே அது அழகு, இங்கே பிழை.

தள்ளும்போது மட்டும் வெட்டுங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். 0.013 அரம் மெல்லியது, இரு முனையிலும் விரல் வைத்து அழுத்தாமல் ஓட்டினால்தான் உடையாது. பிளாஸ்டிக்கில் பல் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அவ்வப்போது துடையுங்கள்.

ஐந்தாறு ஓட்டத்துக்கு ஒருமுறை கம்பியை இடத்தில் வைத்துச் சுருதிக்கு ஏற்றிப் பாருங்கள். தளர்ந்த கம்பி பொய் சொல்லும். இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். முதல் கம்பியில் அங்கே ஜெராக்ஸ் தாள் உரசிக்கொண்டு நுழைந்தால் போதும். அது சுமார் 0.1 மி.மீ. ஆறாவது கம்பிக்கு இரண்டு தாள் தடிமன். அந்த இடத்தில் கம்பியை விரலால் தட்டினால் மெலிதாக ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவே இல்லையென்றால் காடி இறங்கிவிட்டது. இலக்கை நெருங்கியதும் ஓர் ஓட்டம், ஒரு சோதனை என்று போங்கள். பலரும் அவசரப்பட்டுத் தவறும் இடம் இதுதான்.

உயரம் சரியானபின் நட்டின் மேற்பக்கத்தை உப்புத்தாளால் குறையுங்கள். சுற்றுக்கம்பி பாதி உள்ளே, பாதி வெளியே தெரிய வேண்டும். வெறும் கம்பி மேல்மட்டத்தோடு ஒட்டி நின்றால் சரி. கம்பி ஆழப் புதைந்தால் சுவர்களில் உரசிச் சிக்கும். பக்கத்துக்கு மூன்று சுருதி முடுக்கி வைத்த கிப்சன் பாணித் தலைப்பகுதியில் மூன்றாவது, நான்காவது கம்பிகள் வெளிப்பக்கமாகத் திரும்பி ஓடும். காடியின் பின்பாதியை முடுக்கியின் திசைக்கு லேசாகத் திருப்பிவிட்டால், அடிக்கடி சுருதி விலகும் தொல்லை பெருமளவு குறையும். கடைசியாக, பழைய சுற்றுக்கம்பித் துண்டு ஒன்றைக் காடியில் முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்றி, பென்சில் கரியைப் பூசுங்கள்.

அதிகம் இறங்கிவிட்டால்

திறந்த கம்பி மட்டும் அதிர்ந்து, முதல் ஃப்ரெட்டில் அழுத்தியதும் அதிர்வு நின்றால், காடி ஆழமாகிவிட்டது என்று அர்த்தம். எலும்பு நட் என்றால் வெட்டும்போது விழுந்த தூளைச் சேர்த்து வைத்திருங்கள். அதைக் காடியில் நிரப்பி, குண்டூசி முனையில் எடுத்த ஒரு சொட்டு ஃபெவிக்விக்கைத் தொடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மீண்டும் வெட்டலாம். தூள் இல்லாதபோது சமையல் சோடாவும் ஆகும். ஆனால் அது கல்லாக இறுகிவிடும், மெல்லிய அரத்தின் பல்லை மழுக்கும். இரண்டு மூன்று காடிகள் இறங்கிவிட்டால் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்காமல் நட்டைக் கழற்றி, அடியில் மெல்லிய எலும்புத் தகடோ பிளாஸ்டிக் தகடோ ஒட்டி உயர்த்துங்கள், அல்லது புது நட் போடுங்கள்.